யார் கடைசி?

உருளைக்கிழங்குக் கிடங்கு,
தென்கோபுரத்தின் அடித்தளம்,
ஏரிக் கோட்டை மடம்.
வெள்ளிக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு.

பெருமதிப்பிற்குரிய மதினி அவ்குஸ்தா புரகோஃபியெவ்னா அவர்களுக்கு, தங்கள் தங்கை கபிதோலினாவின் கணவனும், செரெபோவெட்ஸ் டிராம் பணிமனையிலிருந்து ஓய்வு பெற்றவனுமாகிய வெனியமின் பணிவன்புடன் எழுதிக்கொள்வது.

முழங்காலும் இடுப்பும் நீங்கலாக நான் இங்கு நலம். அங்கே தாங்களும், தங்கள் மூட்டுவலியும், தோட்டத்துப் பிளம் மரங்களும் எப்படி இருக்கிறீர்கள் என்று அறிய ஆவல். எல்லாவற்றையும்விட, தங்கள் முன்னறைச் சோஃபாவில் இந்த நேரம் யார் படுத்திருக்கிறார்கள் என்று அறிய மிகமிக ஆவல். அது நம் கபிதோலினாவாக, நம் காப்பாவாக இருந்தால், தயவுசெய்து கதவைத் திறந்து வைத்துக்கொண்டு இந்தக் கடிதத்தை அவள் காதில் விழும்படி உரக்க வாசிக்கவும். வேறு யாராவது என்றால் அவர்களைத் தொந்தரவு செய்ய வேண்டாம்.

மதினி, நீங்கள் என்னை எந்தக் காலத்திலும் மெச்சியதில்லை என்பது எனக்குத் தெரியும். எங்கள் கல்யாண விருந்தில் எல்லார் முன்னிலையிலும் எழுந்து நின்று, இந்தப் பையன் டிராம் மாதிரி, தண்டவாளம் எங்கே போகிறதோ அங்கேதான் போவான் என்று சொன்னீர்கள். நான் அதைப் பாராட்டு என்று நினைத்து உங்களுக்கு நன்றி சொன்னேன். வீட்டுக்குப் போனபிறகு காப்பாதான் விளக்கினாள். அதெல்லாம் பழைய கதை, நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. இப்போது அதை எடுத்ததற்குக் காரணம், நடந்ததற்கெல்லாம் அந்தக் குணம்தான் காரணமே தவிர எனக்குக் காப்பாவின் மேல் பிரியம் இல்லாமல் போனது காரணமில்லை என்று நீங்களே அவளிடம் எடுத்துச் சொல்ல முடியும் என்பதுதான்.

எனக்கும் வரிசைகளுக்கும் உள்ள உறவு உங்களுக்குத் தெரிந்ததுதான். நம் வயதுக்காரர்களில் யாருக்கு அந்த உறவு இல்லை? தெருவில் நாலு முதுகு சேர்ந்தாற்போல் தெரிந்தால் போதும், முதலில் யார் கடைசி என்று கேட்போம், உங்களுக்குப் பின்னால் நான் என்று சொல்லி இடத்தைப் பிடிப்போம், என்ன தருகிறார்கள் என்பதை அப்புறம் சாவகாசமாக விசாரிப்போம். இப்போது காலம் மாறிவிட்டது, கடைகளில் எல்லாம் அடுக்கி வைத்திருக்கிறார்கள், வரிசை இல்லை. மற்றவர்களுக்கு அது நிம்மதி. எனக்கோ வெளியே போனால் கை காலை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அதனால் எங்காவது நாலு பேர் நின்றால் நானும் நின்றுவிடுகிறேன். போன இலையுதிர்காலத்தில் அப்படி நின்று, முன்பின் தெரியாத ஒரு கணக்காளரின் சவப்பெட்டிக்கு அஞ்சலி செலுத்திவிட்டு வந்தேன். அவர் வீட்டார் ரொம்பவும் நெகிழ்ந்துபோய் என்னை முன்வரிசையில் உட்காரவைத்துச் சாப்பாடு போட்டார்கள். குளிர்காலத்தில் இன்னொரு வரிசை என்னை மிருக வைத்தியரிடம் கொண்டுபோய் விட்டது. எங்களிடம் நாய் கிடையாது, ஆனாலும் வெறுங்கையோடு திரும்பவில்லை. நாய்க்குத் தேய்க்கும் உண்ணி மருந்து இன்றும் எங்கள் சமையலறை அலமாரியில் இருக்கிறது. காப்பா அந்தப் புட்டியை ஒவ்வொரு நாளும் எடுத்துத் துடைத்து, என் கண்ணில் படுகிற மாதிரி மறுபடியும் வைக்கிறாள்.

இந்தப் பின்னணியில்தான் ஓய்வூதியர் சங்கத்துச் சுற்றுலா பஸ்ஸில் நாங்கள் இந்தக் கோட்டை மடத்துக்குக் கிளம்பினோம். சண்டை எதுவும் இல்லை. காப்பா முட்டை அவித்து, வெள்ளரிக்காய் நறுக்கி, எல்லாவற்றையும் தன் பையில் வைத்துக்கொண்டாள். வீட்டுச் சாவியை என்னிடம் கொடுத்தாள். போகிற பயணம் நல்லபடி முடிய வேண்டும் என்று, கிளம்புமுன் வழக்கப்படி இருவரும் ஒருதடவை உட்கார்ந்து எழுந்தோம். பாதி வழியில் அவள் ஜன்னலைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னாள்.

"வென்யா, இன்னும் ஒரே ஒரு வரிசையில உன்னைப் பாத்தேன்னு வச்சுக்கோ, நான் நேரா யாரோஸ்லாவ்ல் போய் அக்கா வீட்ல உக்காந்துக்குவேன். திரும்பி வரமாட்டேன். கத்தலை, பாரு. சும்மா சொல்லி வைக்கிறேன்."

அவள் கத்தினால் எனக்குப் பயமில்லை மதினி, பழகிப்போயிற்று. மெதுவாகப் பேசினால்தான் பயம். அன்றைக்குச் சத்தியம் செய்தேன். மனதாரத்தான் செய்தேன்.

இந்த மடத்தில் பாதி இன்னும் மியூசியமாக இருக்கிறது, மீதிப் பாதியைத் துறவிகளுக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். வழிகாட்டிப் பெண் எங்களை மியூசியப் பாதியில் சுற்றிக் காட்டினாள். ஸ்வீடன்காரர்கள் மாதக் கணக்கில் முற்றுகை போட்டும் இந்த மதிலுக்குள் கால் வைக்க முடியவில்லையாம். காப்பா சுவரோவியங்களைப் பார்த்து லயித்துப் போய்விட்டாள். ஒவ்வொரு புனிதரின் முன்னாலும் நின்று, இவருக்குச் சாப்பாடு சரியில்லை, இவருக்குத் தூக்கம் சரியில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு மூச்சு முட்டியது. காற்று வாங்கலாம் என்று முற்றத்துக்கு வந்தேன். அவ்வளவுதான் என் எண்ணம்.

முற்றத்தில், மதிலை ஒட்டி, தென்கோபுரத்தைச் சுற்றிக்கொண்டு ஒரு வரிசை நின்றது. அது எப்படிப்பட்ட வரிசை என்று உங்களுக்கு எழுத்தில் சொல்லமுடியாது. முண்டுவாரில்லை, முறைப்பாரில்லை, ஆளுக்கொரு பையோடு அமைதியாக நின்றார்கள். எங்கிருந்தோ கறுப்பு ரொட்டி வேகும் வாசனை. ஏரிப் பக்கம் மீன் புகைபோடும் வாசனை. இரண்டில் எதுவாக இருந்தாலும் காப்பாவுக்குப் பிடிக்கும் என்று நினைத்தேன், இதை அவளிடம் அழுத்திச் சொல்லவும். என் கால்கள் போய்விட்டன. யார் கடைசி என்று என் வாய் கேட்டுவிட்டது. மார்பு வரை தாடி வைத்த ஒரு பெரிய ஆள் திரும்பி, நான்தான் என்றார். அவர் பெயர் எகோர், முன்பு ஆற்றில் மரங்களை மிதக்கவிட்டுக் கொண்டுபோகிற வேலை. அவருக்குப் பின்னால் நான் நின்றேன். என்ன தருகிறார்கள் என்று கேட்கவில்லை. வரிசையில் நின்றுகொண்டு அதைக் கேட்பது, விருந்துக்குப் போன வீட்டில் அடுப்பைத் திறந்து பார்ப்பது மாதிரி.

முன்னால் ஒரு மேஜை. தந்தை நிக்கோன் என்ற மெலிந்த துறவி உட்கார்ந்திருந்தார். அடையாளத்துக்குப் பாஸ்போர்ட்டைக் கேட்டார். எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. பாஸ்போர்ட்டைப் பார்த்துத் தருகிற பொருள் என்றால் லேசுப்பட்ட பொருளாக இருக்காது. எதற்காக வந்திருக்கிறீர்கள் என்று கேட்டார். தெரியாது என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது, எல்லாரும் எதற்கு வந்தார்களோ அதற்குத்தான் என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். இவ்வளவு அடக்கமாக இதுவரை யாரும் பதில் சொன்னதில்லை என்றார். பிறகு பஞ்சு வைத்துத் தைத்த ஒரு மேல்சட்டையும் ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸும் தந்தார்கள். இதுதான் தருகிறார்கள் போல என்று எண்ணி, மனைவியும் வந்திருக்கிறாள், இன்னொரு ஜோடி கிடைக்குமா என்று கேட்டேன். பெண்களுக்கு வலது கதவு, ஆண்களுக்கு இடது கதவு என்றார்கள். இடது கதவுக்குள் போனேன். உள்ளே கையில் ஒரு கத்தியைக் கொடுத்து, ஒரு மலை உருளைக்கிழங்குக்கு முன்னால் உட்காரவைத்தார்கள்.

மதினி, அது மடத்துக்குச் சம்பளம் வாங்காமல் உழைத்து ஆத்மாவைச் சுத்தம் செய்துகொள்ள வந்தவர்களின் வரிசை. ஸ்வீடன்காரர்கள் பீரங்கி வைத்தும் நுழைய முடியாத கோட்டைக்குள் நான் சும்மா நின்றே நுழைந்துவிட்டேன்.

உடனே எழுந்து வந்திருக்கலாமே என்று கேட்பீர்கள். பாஸ்போர்ட்டை இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டியாயிற்று. அந்த அலமாரியின் சாவி இருக்கும் துறவி, சிமெண்ட் வாங்கப் படகில் போயிருக்கிறார். காற்று அடங்கினால் ஞாயிற்றுக்கிழமை வருவாராம். அதுவும் போக, வரிசையில் நின்று முன்னால் போய்ச் சேர்ந்தபிறகு எனக்கு வேண்டாம் என்று திரும்பின மனிதனை உங்கள் ஆயுசில் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை. நானே முதல் ஆளாக இருக்க எனக்குத் துணிவில்லை.

கோபுரச் சுவரில் அந்தக் காலத்தில் துப்பாக்கி நீட்டுவதற்காக விட்ட ஓட்டை ஒன்று இருக்கிறது. அதன் வழியாக எங்கள் பஸ் ஹாரன் அடிப்பது கேட்டது. அடித்துக்கொண்டே இருந்தது, பிறகு நின்றது, பிறகு பஸ் போகிற சத்தம். வாசல்காவலரிடம் ஆள் விட்டு விசாரித்தேன். முற்றத்தில் யாரும் மிச்சமில்லை என்றார். காப்பாவின் நீல முக்காட்டை அடையாளம் சொல்லிக் கேட்டதற்கு, அப்படி ஒரு பெண் அங்கே நிற்கவுமில்லை, அழவுமில்லை என்றார். அழவில்லை என்பதை நான் கேட்கவே இல்லை, அவராகவே சேர்த்துச் சொன்னார். ஆக, காப்பா முற்றத்துக்கு வந்திருக்கிறாள், வரிசையில் என் தொப்பியைப் பார்த்திருக்கிறாள், சொன்னபடியே செய்துவிட்டாள் என்று புரிந்துகொண்டேன். முட்டைகளும் அவளோடு போய்விட்டன.

இங்கே என்னை யாரும் கொடுமைப்படுத்தவில்லை. கஞ்சி கெட்டியாகத் தருகிறார்கள். தந்தை நிக்கோன் போகிறபோதெல்லாம் என்னைச் சுட்டிக்காட்டி, புதிதாக வருகிறவர்களிடம் ஏதோ நல்லதாகச் சொல்லிவிட்டுப் போகிறார். என் ஒரே தொல்லை மாட்டுக்கொட்டிலில் இருக்கும் ஒரு பெண்மணி. நான் சீவும் தோலையெல்லாம் எகோர் வாளியில் எடுத்துக்கொண்டு மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் கொட்டிலுக்குப் போகிறார். அங்கே வேலை செய்கிறவர்கள் பெண்கள், நாங்கள் போகக் கூடாது, எகோர்கூடக் கதவுவரைதான். முதல் வாளியைக் கொட்டிவிட்டு வந்து, என் எதிரில் நின்று, தேவாலயத்தில் பாடுகிற அதே கட்டைக் குரலில், ஏற்ற இறக்கம் இல்லாமல் சொன்னார்.

"'யாருய்யா அந்தத் தோல் சீவுறவன்? பாதிக் கிழங்கு தோலோட வருது. இங்க மாடு சாமியாருங்களைவிட நல்லாச் சாப்பிடுது.' அப்படின்னு ஒரு அம்மா சொல்லச் சொன்னாங்க."

மாடும் கடவுள் படைத்ததுதானே என்று பதில் சொல்லி அனுப்பினேன். அடுத்த வாளியோடு, கத்தி பிடிக்கத் தெரியாத கையையும் அவர்தான் படைத்தார், ஏன் என்றுதான் தெரியவில்லை என்று பதில் வந்தது. நான் தோலை நடுவில் அறுபடாமல் ஒரே சுருளாகச் சீவுகிறேனே, அந்த நேர்த்தி உங்கள் கண்ணில் படவில்லையா என்று கேட்டனுப்பினேன். அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போகலாம் என்றாள். நம் காப்பாவும் தோல் விஷயத்தில் கறார்தான், உங்களுக்குத் தெரியும். ஆனால் அவள் திட்டும்போது அடியில் ஒரு பாசம் ஓடும். இந்தப் பெண்மணியிடம் அது மருந்துக்கும் இல்லை. எகோரின் குரலில் கேட்பதாலும் அப்படித் தோன்றலாம்.

உங்களைக் கட்டிக்கொண்டவர் பொறுமைசாலியாக இருக்க வேண்டும் என்று நேற்றுச் சொல்லி அனுப்பினேன். அதற்கு வந்த பதிலைக் கேட்டு எனக்கே கொஞ்சம் சங்கடமாகிவிட்டது. அவள் புருஷன், உழைக்க வேண்டும் என்று தெரிந்தவுடன் பயந்து, வீட்டுச் சாவியையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறி ஓடிவிட்டானாம். இப்படியும் ஆண்கள் இருக்கிறார்கள் மதினி. இதே மாதிரி ஒரு சாவி என் சட்டைப் பையிலும் இருப்பதால், சாவி இல்லாமல் நிற்கிறவர்களின் கஷ்டம் எனக்கு நன்றாகப் புரியும். அந்த ஆளை நான் வன்மையாகக் கண்டிக்கிறேன் என்று சொல்லச் சொன்னேன். அப்படிச் சொன்னாலும், அந்த நாக்கோடு ஒரே வீட்டில் இருந்த மனுஷன் பஸ்ஸைக் கண்டதும் ஏறியதில் ஆச்சரியமில்லை என்று எகோரிடம் மட்டும் தனியாகச் சொன்னேன். எகோர் அதையும் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார் என்று பிறகு தெரிந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். காப்பாவிடம் என் சார்பில் பேசுங்கள். இங்கே காலையில் மணி அடிக்கிறார்கள், எழுந்திருக்கிறேன், கால் மிதியைச் சரியாகப் போடவில்லை என்று சொல்ல யாருமில்லை. சூப்பில் உப்பு இருக்கிறதா இல்லையா என்று நானாகவே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. அவள் இல்லாமல் எனக்கு நன்றாக இல்லை. இதைவிட நயமாகச் சொல்ல எனக்கு வராது.

இன்னொன்றும் சொல்லுங்கள். அவள் எனக்கு எங்கே கிடைத்தாள்? ஆரஞ்சுப் பழ வரிசையில்தானே. ரயில் நிலையத்துக்குப் பின்னால், கொட்டுகிற பனியில், யார் கடைசி என்று ஒரு குரல் கேட்டது. நான்தான் என்று திரும்பினேன். உங்களுக்குப் பின்னால் நான் என்றாள். எனக்கு முன்னால் நின்றவரோடு பழம் தீர்ந்துபோயிற்று. இரண்டு பேரும் காலிப் பையோடு டிராம் நிறுத்தம்வரை நடந்தோம். அதற்கப்புறம் எந்த வரிசையைப் பார்த்தாலும், முன்னால் நல்லது ஏதோ இருக்கும் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது. அது தப்புத்தான். இனி சத்தியமாக எந்த வரிசையிலும் நிற்கமாட்டேன். ஓய்வூதிய வரிசையில்கூட நிற்கமாட்டேன், வேண்டுமானால் அவளே போய் நின்றுகொள்ளட்டும். நாய் மருந்தைத் தூக்கி எறிந்துவிடுகிறேன். அவள் சரி என்று சொன்னால் ஒரு வரி எழுதிப் போடுங்கள், பாஸ்போர்ட் கைக்கு வந்தவுடன் யாரோஸ்லாவ்லுக்கே வந்து கூட்டிக்கொண்டு போகிறேன். வேண்டாம் என்று சொன்னால், அதை மெதுவாகச் சொன்னாளா, கத்திச் சொன்னாளா என்று மட்டும் குறிப்பிடவும்.

தங்கள் மூட்டுகள் குளிர்காலம் முழுக்க முனகாமல் இருக்கவும், பிளம் மரங்கள் கிளை தாங்காமல் காய்க்கவும், தங்கள் வாசலில் நல்லவர்கள் மட்டுமே கதவைத் தட்டவும் இந்த மடத்துப் புனிதர்கள் அத்தனை பேரையும் வேண்டிக்கொள்கிறேன். கிழங்கு சீவும் கையால் எழுதியதால் தாளில் ஈரம் பட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளவும். கண்ணீர் என்று காப்பா நினைத்தால் திருத்த வேண்டாம்.

தங்கள் மேல் என்றும் மரியாதை குறையாத,
வெனியமின்

பின்குறிப்பு: மதினி, மேலே உள்ளதைக் காப்பாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டாம். தங்கள் சோஃபாவில் படுத்திருப்பது யாராக இருந்தாலும் அது நம் காப்பா இல்லை.

கடிதத்தை மடிக்கப் போகும் நேரத்தில் எகோர் காலி வாளியோடு வந்தார். இந்த முறை வசவு இல்லை, ஒரு கேள்வி.

"'தூக்கத்துல டிராம் ஸ்டாப் பேரெல்லாம் வரிசையா சொல்ற வியாதி உனக்கு உண்டா?' அப்படின்னு அந்த அம்மா கேக்கச் சொன்னாங்க. உண்டுன்னு நானே சொல்லிட்டேன். பக்கத்துப் படுக்கையில நான்தானே கெடக்கேன்."

கடிதத்தை மடிக்காமல் அப்படியே போட்டுவிட்டு எழுந்தேன். கொட்டிலுக்குப் போகத்தான் எங்களுக்குத் தடை. ஆனால் சாயங்காலம் மதிலில் ஒரு சின்ன ஜன்னலைத் திறந்து வேலைக்காரர்களுக்குப் பால் ஊற்றுவார்கள். எனக்குப் பால் ஒத்துக்கொள்ளாததால் இதுவரை அந்தப் பக்கம் போனதில்லை. ஓடினேன். அங்கே வரிசை நின்றது. இடையில் புகுந்து போவது நம் வழக்கம் இல்லை என்பதால், கடைசியில் போய் நின்றேன். என் முறை வந்தது. ஜன்னலுக்குள் நீல முக்காடு. என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"குவளை எங்க?" என்றாள்.

எகோரின் குவளையை வாங்கிக்கொண்டு மறுபடியும் சுற்றிவந்து நின்றேன். ஒரு முறைக்கு ஒரு வாக்கியத்துக்குமேல் பேசப் பின்னால் இருப்பவர்கள் விடவில்லை. ஆகவே நான் பலமுறை சுற்றிவந்து தெரிந்துகொண்டதைச் சேர்த்து எழுதுகிறேன். அன்றைக்கு அவள் முற்றத்துக்கு வந்து என் தொப்பியைப் பார்த்தது உண்மை. என் காதைப் பிடித்து இழுத்துப் போகத்தான் வந்திருக்கிறாள். வரிசைக்காரர்கள், நாங்களெல்லாம் மனுஷர்கள் இல்லையா என்று அவளைத் தடுத்து நிறுத்தி, கடைசிக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே போய் யார் கடைசி என்று கேட்டு நின்றிருக்கிறாள். அவளுக்கு வலது கதவு. பஸ் சத்தத்தை அவளும் மாடுகளுக்கு நடுவில் இருந்துதான் கேட்டிருக்கிறாள். என்னைப் பற்றி அவளும் உங்களுக்கு ஒரு கடிதம் எழுதி முந்தைய படகிலேயே அனுப்பிவிட்டாளாம். அதில் இருப்பதெல்லாம் உண்மைதான் என்றாலும் இப்போதைக்கு எரித்துவிடச் சொன்னாள். நான் மாட்டுக்கொட்டில் பெண்மணியைப் பற்றி மேலே எழுதியதை அடித்துவிடலாம் என்று பார்த்தேன், அவள் அதை ஏற்கெனவே எகோர் வாயால் கேட்டுவிட்டாள்.

கடைசியாக என் முறை வந்தபோது, நானாவது வழக்கப்படி நின்றேன், உனக்கு அந்த வலது கதவைப் பார்த்ததும் திரும்பிப் போகத் தோன்றவில்லையா, எதற்கு நின்றாய் என்று கேட்டேன். அவள் குவளையில் பாலை ஊற்றிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், மெதுவாகச் சொன்னாள்.

"எதுக்குன்னு யாருக்குத் தெரியும். முன்னாடி நீ நின்னுட்டு இருந்தே. அதான்."

பின்னால் இருந்தவர்கள் நகரச் சொன்னார்கள். நகர்ந்தேன். பாலைக் குடித்துவிட்டு, சுற்றிவந்து, யார் கடைசி என்று கேட்டேன்.